அன்றைக்கு மாதிரி வரவில்லை

மாலை ஐந்து மணிக்குக் கனிமேட்டில் காற்றை நிறுத்தினார்கள்.

யாரும் பதறவில்லை. கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள். ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மாக்கள் இழுத்து உட்காரவைத்து, அளவாக மூச்சு விடச் சொன்னார்கள். குவிமாடத்துக்குள் இருக்கிற காற்று மூன்று மணி நேரம் தாங்கும். கச்சேரி உள்ள நாட்களில் காற்றுப் பம்புகளை நிறுத்துவது வழக்கம். அந்த இரைச்சலோடு பாட்டுக் கேட்க முடியாது என்று பண்பாட்டு மன்றம் என்றைக்கோ தீர்மானம் போட்டிருந்தது. மூச்சைவிடப் பாட்டைப் பெரிதாக நினைக்கிற ஊர் என்று மன்றத்தின் முகப்பில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

கனிமேடு வியாழனைச் சுற்றும் நிலவுகளில் பெரியது. பழைய புத்தகங்களில் கானிமீட் என்று இருக்கும். முதலில் குடியேறிய தமிழர்கள் வாய்க்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். கனியும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி மேடும் கிடையாது. தரை முழுக்கப் பனிக்கட்டி, அதன்மேல் குவிமாடம், அதற்குள் சில ஆயிரம் பேர்.

ஊர் ஒருவழியாக நிலைபெற்றதும் அவர்களுக்கு ஒரு கலை தேவைப்பட்டது. எந்தக் கலை என்பதில்தான் தகராறு. கர்னாடக இசை என்றார்கள் சிலர். நாட்டுப்புறப் பாட்டு என்றார்கள் சிலர். சினிமாப் பாட்டுக்கு என்ன குறைச்சல் என்றார்கள் பலர். கூட்டம் கூடிக் கூடிப் பேசியதில் இரண்டு முறை நாற்காலிகள் பறந்தன. ஈர்ப்பு குறைவான இடம் என்பதால் நெடுந்தூரம் பறந்தன. கடைசியில் ஓபரா என்று முடிவானது. ஊரில் ஒருவருக்கும் ஓபராவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே ஒருவருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

அன்று மாலை நடக்கவிருந்தது ஆண்டுதோறும் நடக்கும் இளையோர் ஓபராப் போட்டி. மேடைக்குப் பின்னால் குழல்வாய்மொழி என்ற மாணவி ஒரு மூலையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எதுவும் வரவில்லை.

"என்னடி, தொட்டி மீன் மாதிரி வாயப் பொளக்கிற?" என்றான் சுலைமான். அவளோடு படிப்பவன். அடிக்குரலில் பாடுபவன். அவனுடைய வாப்பாதான் அரங்கத்தின் கேண்டீனை நடத்துகிறார்.

அவன் காதருகே போய் வெறும் காற்றாகச் சொன்னாள். "குரல் போச்சுடா."

"எத்தன தின்ன?"

இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டா? நான் ஒண்ணுதானே வாங்கிக் குடுத்தேன்?"

"நீ போனதுக்கப்புறம் திரும்பிப் போய் இன்னொண்ணு."

முந்தைய நாள் சாயங்காலம் மூன்றாம் வாயில் வண்டிக்கடையில் பாசி ஐஸ் தின்றிருந்தார்கள். பனிக்கட்டி மேலேயே கட்டப்பட்ட ஊரில் ஐஸ் தின்னக்கூடாது என்று ஓபரா மாணவர்களுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. பன்னிரண்டு வருடமாக வெந்நீர்க் குடுவையும் கழுத்துமாக அலைந்தவள், போட்டிக்கு முந்தின நாள் மட்டும், இனிமேல் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

பயப்பட நிறையவே இருந்தது. போட்டியில் முதலில் வருகிறவருக்குப் பூமியின் நிலாவில் இருக்கும் இசைப்பள்ளியில் இடம். மற்றவர்கள் பதினெட்டு வயதானதும் ஐந்து ஆண்டுகள் பாசி ஆலையில் வேலை செய்ய வேண்டும். ஊருக்கே சோறு போடுவது அந்த ஆலைதான் என்பதால் இதில் யாருக்கும் விலக்கு இல்லை, கேண்டீன்காரர் பிள்ளைகளைத் தவிர. குழலிக்கு அடுத்த மாதம் பதினெட்டு. அவளுடைய அப்பா ஆவுடையப்பன் பாசி ஆலையில் மேற்பார்வையாளர். வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தாலும் அவர்மேல் குளத்தின் அடியில் கிடந்த சாக்கு வாடை அடிக்கும். அம்மா பக்கத்து நிலவான காலிஸ்டோவில் துளைக்கிணறு வேலைக்குப் போயிருந்தாள். வருடத்தில் பாதி நாள் அங்கேதான். குழலிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மேடை ஏறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஏறினால் சபை முன்னால் மானம் போகும்.

அப்போது ஆசிரியை ஜெசிந்தா விறுவிறுவென்று வந்தார். போட்டியிடும் ஒன்பது பேரும் அவருடைய மாணவர்கள். ஒவ்வொருவர் தோளையும் தட்டிக்கொண்டே வந்தவர் குழலியிடம் நின்றார்.

"வெந்நீர் குடிச்சியா? நல்லது. அந்த உச்சி ஸ்வரம் இருக்கே, அதை மட்டும் ஒருதரம் பாடிக் காட்டு."

குழலி கண்ணீர் முட்ட வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல் ஒரு சீறல் வந்தது. அதுவும் உடனே நின்றுபோனது.

ஜெசிந்தா கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினார். "அருமை. போன வாரத்துக்கு எவ்வளவோ தேவலை. இதே மாதிரி மேடையில பாடு, போதும்." அடுத்த தோளைத் தட்டப் போய்விட்டார்.

குழலி சுலைமானைப் பார்த்தாள். சுலைமான் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் எதற்குச் சிரித்தான் என்று புரியவேண்டுமானால் செவிமடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓயாத பம்பு இரைச்சலில் மனிதர் வாழ முடியாது என்பதால் கனிமேட்டில் ஐந்து வயதிலேயே காதுக்குப் பின்னால் செவிமடை பொருத்திவிடுவார்கள். மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். வேலை ஏரி மடையின் வேலைதான். கடைவாய்ப் பல்லை இருமுறை கடித்தால் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு சத்தமும் நுழையாது. மறுபடி இருமுறை கடித்தால் திறக்கும். மூடியிருக்கும்போது செய்தியோ தொடரோ கிரிக்கெட்டோ உள்ளேயே ஓடவிட்டுக்கொள்ளலாம்.

இது காதுக்கு. முகத்துக்குத் தசைத்தூண்டி. ஈர்ப்பு குறைவான இடத்தில் கன்னம் உப்பிப் புருவம் தொங்கி எல்லோரும் சலித்துப்போனவர்கள் மாதிரியே தெரிந்தார்கள். அதைச் சரிசெய்ய வந்த கருவி அது. பிறகு அதிலேயே கவனம், வியப்பு, சிரிப்பு, கண்கலங்கல் என்று முகங்களைச் சேர்த்தார்கள். அவையில் எல்லோரும் ஒரே இடத்தில் கலங்கினால் பார்க்க நன்றாக இருக்குமே என்று, மேடையிலிருந்தே முகக்குறிப்பு அனுப்பும் வசதியும் வந்தது. இவ்வளவும் வந்தபிறகு கச்சேரிகளுக்குக் கூட்டம் அலைமோத ஆரம்பித்தது. கச்சேரியில் செவிமடையை மூடுவது பெரிய அவமானம்தான். பிடிபட்டால் மறுநாள் செய்தியில் பெயர் வரும். இதுவரை யார் பெயரும் வந்ததில்லை.

"மேடம் மூடி வச்சிருக்காங்க" என்று காற்றாகச் சொன்னாள் குழலி, நம்பமாட்டாமல்.

"மேடம் மட்டுமா? போன வருசம் ரெண்டாவது சரணத்துல நான் என்ன பாடினேன் தெரியுமா? எங்க வாப்பா கேண்டீன் விலைப்பட்டியல். பாசி பஜ்ஜி, பாசி போண்டா, பாசி வடை, ரெண்டு வடை வாங்கினா சட்னி இலவசம். மூணாவது பரிசு குடுத்தாங்கடி. உச்சரிப்பு பிரமாதம்னு நடுவர் மேஜர் என் கையப் புடிச்சிக் குலுக்கினாரு."

"பொய்."

"அல்லா மேல ஆணையா. பதிவு எல்லாம் மன்றத்துல இருக்கு. யாராவது போட்டுக் கேட்டாத்தானே? போய் நில்லு. கைய விரி. வாய அசை. அவ்வளவுதான் ஓபரா."

"மத்தவங்க எல்லாம் நெஜமா பாடுறாங்களேடா."

"எனக்குப் பஜ்ஜிக்குக் குடுத்தாங்க. எங்கிட்ட வந்து நியாயம் பேசாத."

குழலி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். கடைசி வரிசையின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நீர்த்துறை சதாசிவம், மடியில் ஒரு பொட்டலம் பஜ்ஜி. பாசி ஆலைக்காரர்களை வாடைக்குப் பயந்து எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். அப்பாவின் முகம் கவனமாக இருந்தது. புருவம் சரியான உயரத்தில் நின்றது. மேடையில் அப்போது ஒருவரும் இல்லை.

"அப்பாவுமா?" என்றாள்.

சுலைமான் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "இன்னைக்கு காலிஸ்டோவோட கிரிக்கெட் இறுதி ஆட்டம்டி" என்று மட்டும் சொன்னான்.

பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு போட்டி முடிந்தும் அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: 'நல்லா பாடினம்மா, கடைசியில அழவச்சிட்ட.' கண்கலங்கல் முகக்குறிப்பு எப்போதும் கடைசியில்தான் வரும் என்பது குழலிக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

போட்டி தொடங்கியது. நடுவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற விண்கல மேஜர் தங்கப்பழம். அவர்தான் சிறப்பு விருந்தினரும். அடுத்தவர் பல் மருத்துவர் வைத்தீஸ்வரி. மூன்றாவது ஒரு கணிதப் பேராசிரியர். தொடக்க காலத்தில் நடுவன் என்று ஒரு ரோபோ இந்தப் பொறுப்பில் இருந்தது. அது முழுப் பாட்டையும் கேட்டு, எங்கெங்கே சுருதி விலகியது என்று சொல்லி, அதற்குத் தக்கபடி மதிப்பெண் போட்டது. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். இப்போது அது கேண்டீனில் டோக்கன் கொடுக்கிறது.

எட்டுப் பேர் பாடி முடித்தார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் அவை இரு கைகளையும் உயர்த்தி அசைத்தது. கனிமேட்டில் கைதட்டுவது கிடையாது. உற்சாகமாகத் தட்டியதில் ஆட்கள் எழும்பிப் போய் முன்வரிசைக்காரர் மடியில் விழுந்த சில சம்பவங்களுக்குப் பிறகு அதை நிறுத்தி, கையசைப்பு என்று வைத்துவிட்டார்கள். யாரும் கேட்காத இடத்தில் அதனால் ஒரு குறையும் ஏற்படவில்லை.

கடைசியாகக் குழலி.

அவள் பாட வேண்டியது 'உறைபனியின் மகள்' என்ற ஓபராவின் இறுதிக் காட்சி. நாயகி குவிமாடத்துக்கு வெளியே மாட்டிக்கொள்கிறாள். உடையில் காற்றுத் தீர்ந்துவிட்டது. மூச்சு முட்டிச் சாகப்போகிற அந்தப் பெண் எட்டு நிமிடம் உச்சக் குரலில் பாடுவாள். தனிக்குரல்; பக்க வாத்தியம் கிடையாது. இது எப்படி முடியும் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மேடை நடுவில் போய் நின்றாள். கையை விரித்தாள். வாயைத் திறந்தாள். முதல் வரியை ஓசையில்லாமல் உருட்டினாள்.

சரியாக அந்த நேரத்தில் காலிஸ்டோ கடைசி விக்கெட்டை இழந்து தோற்றது.

அதுவரை உள்ளே கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த பாதி அவை, ஆட்டம் முடிந்துவிட்டதால், சரி, கடைசிப் பெண்ணையாவது கொஞ்சம் கேட்டு வைப்போம் என்ற பெருந்தன்மையில் கடைவாய்ப் பல்லை இருமுறை கடித்தது. மேஜர் தங்கப்பழமும் கடித்தார்.

எதுவும் கேட்கவில்லை.

மேடையில் ஒரு பெண் கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழியப் பாடிக்கொண்டிருக்கிறாள். காதில் ஒன்றும் விழவில்லை. செவிமடை திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த மேஜர் மறுபடி கடித்தார். இப்போது மூடிக்கொண்டது, ஆனால் திறந்திருந்ததற்கும் மூடியதற்கும் வித்தியாசம் தெரியாததால் மறுபடியும் கடித்தார். மறுபடியும். வியர்த்தது. செவிமடை மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது என்று மருத்துவமனையில் கண்டுபிடித்தால், கச்சேரியில் ஏன் மூடினீர்கள் என்ற கேள்வி வரும். அதுவும் தலைமை நடுவர். அவர் இன்னும் வேகமாகக் கடித்தார். பிள்ளைகள் விளையாட்டுக்குக் கடித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதற்காகச் செவிமடையில் ஒரு பாதுகாப்பு உண்டு: அடுத்தடுத்து ஏழெட்டு முறை கடித்தால் தானாகவே மூடிப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மருத்துவர்தான் திறக்க வேண்டும்.

மேஜருக்குப் பூட்டிக்கொண்டது. மேஜரின் தாடை பரபரவென்று அசைவதைப் பார்த்து, ஏதோ முக்கியமான கட்டம் போலிருக்கிறது என்று தொடரை நிறுத்திவிட்டு மடையைத் திறந்த வைத்தீஸ்வரிக்கும் பூட்டிக்கொண்டது. கணிதப் பேராசிரியருக்கும், அவருக்குப் பின்வரிசைக்கும், அதற்குப் பின்வரிசைக்கும். அரங்கம் முழுக்கத் தாடைகள் அரைத்துக்கொண்டிருந்தன. மேடையிலிருந்து பார்த்த குழலிக்கு, எல்லோரும் அவளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதாகத் தோன்றியது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். எட்டாவது நிமிடத்தில் நாயகி சாக வேண்டிய இடத்தில் அவள் நிஜமாகவே செத்துப்போகத் தயாராக இருந்தாள். விழுந்தாள். ஈர்ப்பு குறைவு என்பதால் மெதுவாக விழுந்தாள்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை.

பிறகு கடைசி வரிசை ஓரத்திலிருந்து ஆவுடையப்பன் எழுந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பேருந்தை நிறுத்துகிறவர் மாதிரி ஆட்டினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் ஆள் எழுந்துவிட்டார். அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது. நாம் உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்வோம். அடுத்த நொடி அரங்கம் மொத்தமும் எழுந்து கையை ஆட்டியது. முகக்குறிப்பு வந்து சேர்ந்து எல்லோருக்கும் கண் கலங்கியது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று பேருக்கும் மற்ற இருவர் பேசுவது கேட்கவில்லை. மூன்று பேரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். மற்றவர் என்ன கொடுத்தாரோ என்ற பயத்தில் மூவரும் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். அவர்களுடைய கருத்துகள் மேடைத் திரையில் எழுத்தாக ஒளிர்ந்தன. 'ஓர் அபஸ்வரம் கூட இல்லை' என்று எழுதியிருந்தார் வைத்தீஸ்வரி. 'மூச்சுக் கட்டுப்பாடு அபாரம்' என்றது பேராசிரியரின் கருத்து. 'குரலில் இப்படி ஒரு தெளிவை என் வாழ்நாளில் கேட்டதில்லை' என்று மேஜர் முடித்திருந்தார். ஒன்றுகூடப் பொய்யில்லை.

முதல் பரிசு குழல்வாய்மொழிக்கு. ஒரு வாரம் கழித்து நடக்கும் பரிசுக் கச்சேரியில் அதே பாட்டை மறுபடி பாட வேண்டும்; அதன்பின் நடுவர்கள் உறுதிசெய்தால் நிலாவில் இடம். குழலி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பம்பே இறங்கினாற்போல இருந்தது. அதே நெஞ்சில் ஒரு முள்ளும் இருந்தது.

"நல்லா பாடினம்மா" என்றார் ஆவுடையப்பன். "கடைசியில அழவச்சிட்ட."

குழலி தலையை மட்டும் ஆட்டினாள். பேசக் குரலும் இல்லை.

அன்றிரவு கனிமேட்டில் ஒரு வீட்டிலும் சண்டை நடக்கவில்லை. கணவனுக்கும் பூட்டியிருந்தது, மனைவிக்கும் பூட்டியிருந்தது; ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொள்ளாமல், மற்றவர் வாய் அசையும்போதெல்லாம் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டுப் படுத்தார்கள். பல வருடத்தில் இவ்வளவு அன்பாக இருந்ததில்லை என்று இருவருக்குமே தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் செவிமடை மருத்துவமனை வாசலில் முக்கால்வாசி ஊர் நின்றது. எல்லோரும் தற்செயலாகத்தான் வந்திருந்தார்கள்.

"என்ன மேஜர், நீங்க இங்க?" என்று உரக்கக் கேட்டார் வைத்தீஸ்வரி.

மேஜர் அவருடைய உதட்டை உற்றுப் பார்த்தார். "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. நீங்க?"

"ஆமா, நல்ல குளிர்."

மருத்துவர் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. காலையிலிருந்து அவருக்கும் வாய் வலித்துக்கொண்டிருந்தது. பழைய மடையைக் கழற்றிப் புதியதை வைத்து, புண் ஆறும்வரை பதினைந்து நாள் மூடவே முடியாது என்று கையில் எழுதிக் காட்டினார். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பரிசுக் கச்சேரிக்கு ஆறு நாள்தான் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

குழலிக்கு நான்காம் நாள் குரல் திரும்பியது. ஏழாம் நாள் மேடை ஏறியபோது அவளுக்குப் பயம் வேறு மாதிரி இருந்தது. பாடாமல் வென்றாகிவிட்டது. பாடித் தோற்கலாம் அல்லவா?

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பன்னிரண்டு வருட வெந்நீரும் அந்த எட்டு நிமிடத்தில் இருந்தது. இரண்டாம் வரியில் வழக்கமாகச் சறுக்கும் இடத்தில் இந்த முறை சறுக்கவில்லை. உச்சி ஸ்வரம் குவிமாடத்தில் போய் முட்டித் திரும்பியது. கனிமேட்டின் வரலாற்றில் முதல்முறையாக ஓர் அவை ஓபரா கேட்டது. வேறு வழி இல்லாததால் கேட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தது; மடை மூடவில்லை. முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் திடுக்கிட்டுப்போய் இருந்தார்கள். இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. மூன்றாவது நிமிடத்திலிருந்து, ஏனென்று தெரியாமல், ஒருவரும் பல்லைக் கடிக்கவில்லை.

முடிந்ததும் கைகள் அசைந்தன. இடைவேளை விட்டார்கள். அரங்கத்தின் நடைபாதையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் வைத்தீஸ்வரி.

"இல்லேன்னு சொல்லல" என்றார் மேஜர். "ஆனா..."

"ஆமா. அன்னைக்கு மாதிரி வரல."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அன்னைக்குப் பாடினது வேற."

"அது ஒருதரம்தாங்க வரும்" என்றார் கணிதப் பேராசிரியர். பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. அன்றைக்குக் கேட்கக் கொடுத்து வைத்திருந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். காலிஸ்டோவிலிருந்து அன்றுதான் வந்து இறங்கியிருந்த ஓர் உறவுக்காரர், இன்றைக்கே நன்றாகத்தானே இருந்தது என்று சொன்னபோது, அவரை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். நடுவர்கள் ஐந்தே நிமிடத்தில் முடிவு எடுத்தார்கள்: குழல்வாய்மொழி தன்னுடைய பழைய உயரத்தை மறுபடி எட்ட வேண்டுமானால் நல்ல பயிற்சி தேவை, ஆகவே நிலாவுக்கு உடனே அனுப்பிவைக்க வேண்டும்.

செய்தியோடு ஓடி வந்த குழலி கேண்டீனில் அப்பாவைக் கண்டுபிடித்தாள். அவர் டோக்கன் கொடுக்கிற ரோபோவின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வாடைக்கு மரியாதை கொடுத்து அவருக்கு முன்னும் பின்னும் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"அப்பா, உறுதியாயிடுச்சு! பாசி கிடையாது!"

"அப்பாடா" என்றார் ஆவுடையப்பன். உண்மையிலேயே அவருடைய தோள் இரண்டும் ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு முகத்தைக் கொஞ்சம் கோணலாக வைத்துக்கொண்டு, "ஆனாலும் அன்னைக்கு மாதிரி வரலம்மா" என்றார்.

குழலியின் முகம் விழுந்தது. "நீங்களுமா? அன்னைக்கு அப்படி என்னப்பா இருந்துச்சு?"

"அன்னைக்கு ஒரு பிசிறு உண்டா? ஒரு தும்மல் உண்டா? இன்னைக்கு நாலாவது வரியில மூச்ச எடுத்தது எனக்குக் கேட்டுச்சுல்லா. அன்னைக்கு எட்டு நிமிசமும் நீ மூச்சே எடுக்கல."

அவள் அவரையே பார்த்தாள். அவர் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.

"அப்பா... தெரியுமா?"

"சதாசிவம் சார் அன்னைக்கு ஒரு பொட்டலம் பஜ்ஜிய உள்ள தள்ளிட்டு எட்டு நிமிசமும் விக்கிட்டே இருந்தார். ஒவ்வொரு விக்கலும் என் காதுல கிணத்துல கல்லு விழுந்த மாதிரி விழுந்துச்சு. விக்கல் கேக்குது, பிள்ளை குரல் கேக்கல. மடையிலயா கோளாறு?"

"அப்ப எதுக்கு எழுந்து நின்னு அந்த ஆட்டு ஆட்டினீங்க?"

"பின்ன? பாசி ஆலைக்கு வந்து என் உயிர வாங்கவா?"

குழலிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. "அப்ப... நான் பாடும்போது தெறந்துதான் வச்சிருப்பீங்களா? எப்பவுமா?"

"மத்த பிள்ளைங்க பாடுறப்ப கிரிக்கெட்தான். பொய் சொல்ல மாட்டேன். உன் பேரக் கூப்பிட்டா தெறந்துருவேன். போன வருசம் ரெண்டாவது வரியில சறுக்கின. அதுக்கு முந்தின வருசமும் அங்கதான் சறுக்கின. இன்னைக்குச் சறுக்கல."

"ஒருதரம்கூடச் சொன்னதே இல்லையேப்பா. நல்லா பாடின, அழவச்சிட்ட, அதைத்தானே சொல்லுவீங்க?"

"எல்லாரும் அதத்தானே சொல்லுதாங்க. நாம ஒண்ணு மாத்திச் சொன்னா, கேக்காம சொல்லுதாருன்னு நீ நெனச்சிருவியோன்னு பயம்."

அதற்குள் அவர்கள் முறை வந்திருந்தது. நடுவன் இரண்டு டோக்கனை நீட்டிக்கொண்டே, "இங்கிருந்தும் எனக்குக் கேட்டது. போட்டி அன்று பாடியதற்கும் இன்று பாடியதற்கும் மதிப்பெண் சொல்லட்டுமா?" என்று ஆவலோடு கேட்டது. பல வருடமாக யாரும் அதனிடம் கேட்டதில்லை.

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இடைவேளை முடிந்து மேஜர் தங்கப்பழத்தின் சிறப்புரை தொடங்கியது. குழலி கடைசி வரிசையில் அப்பாவுக்கும் சதாசிவத்துக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மேஜர் வழக்கமாக முக்கால் மணி நேரம் பேசுவார். இத்தனை வருடமும் அந்த முக்கால் மணி நேரம் அவை மலர்ந்த முகத்தோடு கேட்டதாகவே அவருக்கு நினைவு. அன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லோருடைய மடையும் திறந்தே இருந்தது. அவருடையதும் திறந்திருந்தது. விண்கலத்தில் தான் கழிப்பறைக் குழாயைப் பழுது பார்த்த கதையை அவர் தொடங்கியபோது, அரங்கத்தின் நான்கு மூலையிலிருந்தும் எழுந்த முனகலை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார். சற்று நின்றார். ஏதோ புரிந்தது போல் இருந்தது. சுருக்கிக்கொள்ள முடிவு செய்து, முடிப்பதற்கு முன் ஒரே ஒரு நகைச்சுவையை மட்டும் சொன்னார். மேடையிலிருந்து சிரிப்புக்கான முகக்குறிப்பு வந்தது. அவை ஆறுதலோடு சிரித்தது.

ஆவுடையப்பனுக்கு மட்டும் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் நகைச்சுவையைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு மடை பூட்டியதே இல்லையே. பேச்சு ஆரம்பித்ததுமே கடித்து மூடியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சதாசிவம் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். குழலியின் தோளைத் தட்டினார்.

"அப்பாவுக்குத் தசைத்தூண்டி மக்கர் பண்ணுது போலம்மா. சிரிக்கிற எடத்துல அழுதாரே" என்றார் அக்கறையோடு. "பயப்படாத. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஒரே நாள்ல சரிபண்ணிடுவாங்க."